நான்காம் மேசையின் மொழி

பெயிண்ட் கிடங்கின் நான்காம் மேசையில் ஒரு குடும்பமே குடியிருக்கிறது என்று சொல்வார்கள். பொய்யில்லை. காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை அங்கே கணவர், இரண்டிலிருந்து இரவு பத்து வரை மனைவி. நாற்காலி ஒன்று, திரை ஒன்று. நாற்காலியின் உயரத்தை மட்டும் தினமும் இரண்டு முறை ஏற்றி இறக்குவார்கள். வருகிற டப்பாக்களை எடை போட்டு, எந்த ஊருக்கு என்று பார்த்து, லேபிள் ஒட்டி, பெல்ட்டில் தள்ளிவிடுவதுதான் வேலை. அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எடைக்காரர் என்றால் அவர்தான். அவர் மனைவியை எல்லோரும் அக்கா என்பார்கள், அவளைவிட வயதில் மூத்தவர்களும்கூட.

எடைக்காரரிடம் ஒரு ரகசியம் இருந்தது. நான்கு வருடமாக அவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் திரையில் உள்ள எழுத்து அவருக்குப் படிக்க வராது. தமிழ் என்றால் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை ஒரு வரி விடமாட்டார். ஆபீஸ் எழுத்து வேறு. அதில் எண்கள் மட்டும் பழக்கம். மனைவிக்கு நேர் எதிர். அவள் வளர்ந்த ஊரும் படித்த பள்ளிக்கூடமும் வேறு. தமிழில் பேசுவாள், கொஞ்சுவாள், சண்டை என்றால் கேட்கவே வேண்டாம், ஆனால் படிக்க மட்டும் தெரியாது. ஆபீஸ் எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள்தான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் திரையை அப்படியே வரைந்து பாடம் நடத்தினாள். "கீழ பச்சை இருக்குல்ல, அது 'சரி'. பக்கத்துல சாம்பல், அது 'வேண்டாம்'. சிவப்பா ஏதாவது வந்தா எதையும் தொடாதீங்க, பக்கத்து மேசையில யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்க." முதல் இரண்டையும் அவர் மனப்பாடம் செய்துகொண்டார். மூன்றாவதைச் செய்ததே இல்லை. கேட்டால் தெரிந்துவிடுமே. வீட்டுக் கடைச் சீட்டும் அதே வழியில்தான் ஓடியது. அவள் தன் எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே படமும் போட்டுக் கொடுப்பாள். அவள் போடுகிற வெங்காயமும் சோப்பும் ஒரே மாதிரி இருக்கும் என்பது வேறு விஷயம்.

மேசைகளில் இருப்பது வெறும் திரையும் விசைப்பலகையும்தான். வேலையெல்லாம் மாடியில், கண்ணாடி அறைக்குள் இருக்கும் சர்வரில் நடக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் அதன் இயங்குதளத்தை மாற்றிப் புதியதாகப் போட்டார்கள். எல்லாம் வேகமாகிவிட்டது, பார்க்கவும் லட்சணமாகிவிட்டது, இடமும் மாறிவிட்டது. பச்சை போய் நீலம் வந்தது. 'சரி' இருந்த மூலையில் வேறு எதுவோ வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு காலையில் திரை நடுவே ஒரு பெட்டி எழும்பி ஏதோ கேட்டது. வெள்ளை இருப்பில் இல்லை, பதிலுக்கு ரோஸ் அனுப்பலாமா என்று கேட்டதாம். எடைக்காரர் பழைய ஞாபகத்தில் மூலையில் அழுத்தினார். ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு நாற்பது டப்பா ரோஸ் பெயிண்ட் போய்ச் சேர்ந்தது. அங்கே சுவரடிக்க வந்தவர்கள் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லாத நல்ல மனிதர்கள். கொடுத்ததை வாங்கி லாக்கப் முழுவதும் அடித்து முடித்துவிட்டார்கள்.

புகார் வந்தது இரண்டு நாள் கழித்து, மதியம் மூன்று மணிக்கு. அந்தக் கிடங்கில் சர்வருக்குள் நுழைய ஆளுக்கொரு கணக்கு கிடையாது, மேசைக்கு ஒரு கணக்கு. தப்பு 'நான்காம் மேசை' என்றுதான் பதிவாகியிருந்தது. அந்த நேரத்தில் நான்காம் மேசையில் இருந்தது அவள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் மேற்பார்வையாளருக்கு விசில் என்றே பெயர். அந்த விசில் கால் மணி நேரம் எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மேசையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் லாரியில டப்பா ஏத்தப் போகலாம்!"

"இனிமே நடக்காது சார்" என்று மட்டும் அவள் சொன்னாள். புகாரோடு வந்த லேபிளில் காலை எட்டு மணி என்று இருந்ததை அவள் பார்த்திருந்தாள். யார் செய்தது என்று அவளுக்குத் தெரியும். காட்டிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை மூன்றாம் மேசைக்காரர் சொல்லித்தான் எடைக்காரருக்கு விஷயமே தெரிந்தது. அப்போதே போய் விசிலிடம் "நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் படிக்கத் தெரியாததும் கூடவே வெளியே வந்துவிடும். அவர் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவளும் வாயைத் திறக்கவில்லை.

இருவரும் முழுதாகப் பார்த்துக்கொள்வதே ஷிப்ட் மாறும்போதுதான். அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அவர் தூங்கிவிடுவார், அவர் கிளம்பும்போது அவள் தூங்குவாள். இப்போது அந்தக் கொஞ்சமும் போனது. சேதி எல்லாம் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் வழியாகத்தான். காலையில் அம்மா சொல்வதை மனதில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள், மதியம் கூப்பிட வரும் அப்பாவிடம் ஒப்பிப்பாள். "கேஸ் தீர்ந்துபோச்சாம். தண்ணி டாங்க்கைப் பார்க்கணுமாம். அவ்வளவுதானாம்." அந்த 'அவ்வளவுதானாம்' அவரைத் தினமும் குத்தியது. கடைச் சீட்டில் படமும் நின்றுபோனது. வெறும் எழுத்து. கடைக்காரரிடம் சீட்டை நீட்டி, கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பொய் சொல்லி வாங்கி வந்தார். ஒன்பது நாள் இப்படியே ஓடியது.

ஒன்பதாம் நாள் காலை தலைமை ஆபீஸிலிருந்து சர்வரைப் பார்த்துக்கொள்கிற பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். புது ஏற்பாட்டில் யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுக்கொண்டு மேசை மேசையாக வந்தாள். எடைக்காரரிடம் வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கஷ்டம்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஜம்முன்னு இருக்கு."

அதற்காகவே காத்திருந்ததுபோல் திரையில் ஒரு பெட்டி எழும்பியது. எடைக்காரரின் விரல் இரண்டு பொத்தான்களுக்கும் நடுவே அந்தரத்தில் நின்றது. விரல் இறங்கப் போன நேரத்தில் அந்தப் பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணே, இதுல என்ன எழுதியிருக்கு?"

"கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்மா."

"அது உங்க நெத்தி மேல இருக்குண்ணே."

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் முகத்தைப் பெல்ட் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் துருவவில்லை. பெட்டியைத் தானே படித்துப் பார்த்து அழுத்திவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"எந்த எழுத்து நல்லா படிப்பீங்க?"

"தமிழ்னா ஒரு எழுத்து பாக்கி வைக்க மாட்டேன்."

"அப்ப ஏண்ணே இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீங்க? சர்வர்ல தமிழைப் போட்டா உங்க திரை முழுக்கத் தமிழ்ல வந்துடும். இங்க இருக்கிற கிடங்கு புரோகிராமும் கூடவே மாறும், அதுக்குள்ள எல்லாம் ஏற்கெனவே இருக்கு. யாரும் கேக்கல, யாரும் போடல."

நான்கு வருடம். யாரும் கேட்கவில்லை, யாரும் போடவில்லை. எடைக்காரருக்குத் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

டீ இடைவேளையில் அவர் இரண்டு கோப்பைகளோடு மாடி ஏறினார். கண்ணாடி அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. அந்தப் பெண் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சர்வருக்கு ஒவ்வொரு மொழியாகக் கற்றுத்தரும் மொழித் தொகுப்புகளை இறக்கிக்கொண்டிருந்தாள். மற்ற மேசைக்காரர்களையும் விசாரித்தாளாம். முதலில் தயங்கியவர்கள், அப்புறம் ஆளுக்கொன்று கேட்டார்கள். தமிழும் ஏற்கெனவே இருந்த ஆபீஸ் மொழியும் சேர்த்து ஆக மொத்தம் ஆறு மொழி. எடைக்காரருக்கு அதைக் கேட்டதும் பாதி பாரம் இறங்கியது. தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் தமிழா?" என்று நகர்கிற கோட்டைக் காட்டிக் கேட்டார். கோடு முப்பத்தைந்து சதவீதத்தில் நின்றுகொண்டு அடம் பிடித்தது.

"ஆமா. ஆனா நவுற மாட்டேங்குது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கு பாருங்க." அவள் ஒரு தட்டு தட்டினாள். கோடு அறுபதுக்குத் தாவியது.

போட்டு முடித்ததும் சர்வரை ஒரு தடவை அணைத்து எழுப்ப வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அதையும் செய்தாள். கிடங்கின் ஐந்து மேசைத் திரைகளும் ஒன்றாக இருண்டன. விசில் பதறிப்போய் ஊதினார், யாரை நோக்கி என்று அவருக்கே தெரியாது. திரைகள் திரும்பி வந்ததும் அந்தப் பெண் நான்காம் மேசைக் கணக்கின் காட்சி மொழியை மாற்றி, வெளியேறி, மறுபடி உள்ளே போனாள்.

'நல்வரவு' என்றது திரை.

எடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டினார். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். 'அமைப்புகள்.' 'கோப்பு.' 'ரத்துசெய்.' 'மீட்டமை' என்று ஒன்று இருந்தது, அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் விழித்தார். "இது நாம பேசுற தமிழ் இல்லம்மா, மேடைத் தமிழ். பரவாயில்ல, சொந்தக்காரன் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு வந்தா அடையாளம் தெரியாதா?" ரோஸ் பெயிண்டை அனுப்பவைத்த பொத்தானையும் தேடிப் பார்த்தார். 'மாற்று நிறம் அனுப்பு' என்று குத்துக்கல்லாக நின்றது. கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

அப்போது சுவர்க் கடிகாரம் ஒன்றரை காட்டியது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அய்யய்யோ. ரெண்டு மணிக்கு என் வீட்டுக்காரி வந்து உட்காருவா. அவளுக்குத் தமிழ் படிக்க வராதே!"

அந்தப் பெண் யோசித்தாள். ஆளுக்கொரு கணக்கு வேண்டுமென்றால் தலைமை ஆபீஸ் கையெழுத்து வேண்டும், மூன்று மாதமாவது ஆகும். மேசைக் கணக்கில் ஒரு நேரத்துக்கு ஒரு மொழிதான்.

"மாத்தி மாத்தி வெச்சுக்க வேண்டியதுதான். ஆனா ஒண்ணு. மாத்தினதும் உடனே தெரியாது. வெளிய போயிட்டு மறுபடி உள்ள வந்தாதான் புது மொழி வரும். உள்ள வந்தா தராசைச் சரி பண்ணி, லேபிள் மெஷினைச் சேர்த்து, எல்லாத்துக்கும் பன்னிரண்டு நிமிஷம் ஆகுது. ஷிப்ட் மாறும்போது பெல்ட் நிக்கும், நடுவுல நிக்காது. அதனால போறவங்க, வர்றவங்களுக்காக மாத்தி வெச்சுட்டுப் போகணும். அவங்களுக்கு நீங்க வெக்கணும். உங்களுக்கு அவங்க வெக்கணும்."

எடைக்காரர் சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை. "நல்ல ஆளாப் பார்த்துச் சொன்னீங்க. அவ எங்கிட்ட பேசி ஒம்பது நாள் ஆச்சு."

"அதுக்கு என்கிட்ட தொகுப்பு இல்லண்ணே" என்றாள் அந்தப் பெண்.

மிச்சமிருந்த நேரத்தில் அவர் ஒரு டப்பா அட்டையைக் கிழித்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் செய்த மாதிரியே திரையை வரைந்தார். எந்த மூலையில் அழுத்த வேண்டும், அப்புறம் எங்கே, அப்புறம் எங்கே என்று அம்புக்குறி போட்டார். கடைசியில் வரும் மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்தில்தான் இருக்கும். தமிழ் எழுத்து அவளுக்கு வெறும் கோடும் வளைவும். அதனால் 'தமிழ்' என்று பெரிதாக எழுதிக் கீழே கோடு போட்டார். ஆனால் பட்டியலில் அவளுடைய எழுத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கடைச் சீட்டில் எத்தனை வருடமாகப் பார்க்கிறார். தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு வெளியேறினார்.

இரண்டு மணிக்கு அவள் வந்தாள். அவரைப் பார்க்காமல் நாற்காலியின் பிடியைத் தேடினாள். பெல்ட் நின்றிருந்தது, ஐந்து மேசை ஆட்களும் மாறிக்கொண்டிருந்தார்கள், விசில் நடுவே நின்றிருந்தார். எடைக்காரர் விசிலின் பக்கம் திரும்பினார். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று அவருக்கே தெரிந்தது.

"சார், அந்த ரோஸ் பெயிண்ட்டை அனுப்பினது நான். இவ இல்ல. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு அந்த எழுத்து படிக்க வராது."

விசில் வாயருகே கொண்டுபோன விசிலைக் கீழே இறக்கினார். "நாலு வருஷமாவா?"

"நாலு வருஷமா."

"அப்ப இத்தனை நாள் எப்படிய்யா வேலை பார்த்தே?"

"இவ அட்டையில வரைஞ்சு சொல்லிக் கொடுத்தா."

யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் மேசைக்காரர் மட்டும் தன் திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவர் கேட்ட மொழியும் அந்த ஆறில் ஒன்று. விசில் கெட்டவர் இல்லை, சத்தம் அதிகம், அவ்வளவுதான். தலையைச் சொறிந்தார். "நாளைக்குப் பார்க்கிறேன். நாளைக்கும் ஒரு தப்பு வந்துச்சுன்னா, நான் சொன்னது சொன்னதுதான். லாரிதான்."

எடைக்காரர் அட்டையை அவளிடம் நீட்டினார். "ராத்திரி போறப்ப இதை மாத்தி வெச்சுட்டுப் போ. இல்லன்னா காலையில எனக்கு ஒண்ணும் புரியாது." அவள் வாங்கவில்லை. அவர் அதை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் திரும்பிப் பார்த்தபோது அவள் நாற்காலியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு சரியாகத் தூக்கமில்லை. மறுநாள் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டார். மேசையில் அட்டையைக் காணோம். நாற்காலியை இறக்கினார், கடவுச்சொல்லைப் போட்டார்.

திரை வந்தது. தமிழ் இல்லை. சரி, மாற்றாமல் போய்விட்டாள் என்று நினைத்தார். அப்புறம்தான் உற்றுப் பார்த்தார். இது அவளுடைய எழுத்தும் இல்லை. வட்டம் வட்டமாக, கொக்கி கொக்கியாக, இதுவரை பார்த்தே இராத ஏதோ ஓர் எழுத்து. மாற்றியிருக்கிறாள். அட்டையைப் பார்த்து, மூலை மூலையாகத் தேடிப்போய், ஆறு மொழிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, கோடும் வளைவுமாக ஒப்பிட்டுப் பார்த்து, தப்பான வரியில் கையை வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தைகூடப் புரியாத திரையைப் பார்த்து ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்தக் கிடங்கில் அதுதான் முதல் தடவை.

ஆனால் ஆறு மணிக்குப் பெல்ட் ஓட ஆரம்பித்துவிடும். முன்பு என்றால் குத்துமதிப்பாக அழுத்த ஆரம்பித்திருப்பார். எடைக்காரர் எழுந்து நின்று கையைத் தூக்கினார்.

"சார்! எனக்கு இது படிக்கத் தெரியல. மாத்தணும். பன்னிரண்டு நிமிஷம் வேணும்."

விசில் வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "எனக்கும்தான் தெரியல. இது என்னய்யா மொழி?"

"யாருக்குத் தெரியும் சார்? என் பொண்டாட்டி வெச்சது."

விசில் முணுமுணுத்தார். ஆனாலும் ஒரு ஊது ஊதி, நான்காம் மேசைக்கு வர வேண்டியதை மூன்றாம் மேசைக்குத் திருப்பிவிடச் சொன்னார். எடைக்காரர் தான் வரைந்த அட்டையை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மூலை மூலையாகப் போனார். பட்டியலில் 'தமிழ்' நான்காவதாக இருந்தது. வெளியேறி, உள்ளே வந்து, தராசைச் சரிசெய்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம். அதற்குப் பிறகு இரண்டு மணி வரைக்கும் பெட்டி எழும்பும்போதெல்லாம் நிதானமாக இரண்டு தடவை படித்தார். ஒரு தப்பில்லை. கடைசி லேபிளைப் பார்த்துவிட்டு, விசில் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். அவரிடமிருந்து அதுவே பெரிது.

இரண்டு மணிக்கு அவளுக்கு மாற்றி வைத்துவிட்டு எழுந்தார். அவள் உட்கார்ந்து உள்ளே போனாள். அவர் நகராமல் நின்றார்.

"சரியா இருக்கா?"

"இருக்கு" என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே. பத்து நாளில் முதல் வார்த்தை. அதற்குள் பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது.

பள்ளிக்கூட வாசலில் மகள் நின்றிருந்தாள். காலையிலிருந்து சுமந்த சேதியைக் கொட்டிவிடும் அவசரம். முதலில் பையிலிருந்து கடைச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். எழுத்துக்குப் பக்கத்தில் ஏதோ உருண்டையாக வரைந்திருந்தது. வெங்காயமா சோப்பா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது.

"அம்மா நெறைய சொன்னா. இரு, வரிசையா சொல்றேன். நேத்து ராத்திரி அந்தப் பட்டியல்ல நாலாவதா அஞ்சாவதான்னு ரொம்ப நேரம் பார்த்தாளாம். நீ எழுதின எழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்துச்சாம். காவல்காரர் விளக்கை அணைக்க வந்துட்டாராம், அதனால அவசரத்துல ஒண்ணைத் தொட்டுட்டு வந்துட்டாளாம். அட்டையை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டா, உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிட்டிருக்கா. அப்புறம்..." மகள் கண்ணை மூடி யோசித்தாள். "ஆங். தப்பா இருந்தா நீ சும்மா இருக்கக் கூடாதாம். யாரையாவது கூப்பிட்டுக் கேக்கணுமாம். கேட்டா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டியாம்."

அவர் காத்திருந்தார். 'அவ்வளவுதானாம்' வரவில்லை.

"கேட்டேன்னு அம்மாகிட்ட சொல்றியா? கையைத் தூக்கிக் கேட்டேன்னு சொல்லு."

"போப்பா. எனக்கு நாளைக்குப் பரீட்சை. எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்க முடியாது. நீயே சொல்லு."

எடைக்காரர் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி, நானே சொல்றேன். இன்னைக்கு அம்மா வர்ற வரைக்கும் முழிச்சிருப்பேன்."